பிஷப் அய்யாவுக்கு ஒரு நாற்காலி

அந்த பெஞ்சுல உக்காராதம்மா. இங்கன வா, எம் பக்கத்துல உக்காரு. அதுக்கு வலது பின்காலு வெலகியிருக்கு. ஆறு வாரமா வாரேன், ஆறு வாரமா சொல்லுதேன், இங்க ஒருத்தரும் காதுல போட்டுக்கல. யாரைக் கூட்டிட்டு வந்த? அம்மாவா? எக்ஸ்ரேக்குப் போயிருக்காவளா? டோக்கன் என்ன? அம்பத்தி மூணா! அப்போ பையைக் கீழ வச்சிட்டு நல்லா சாஞ்சு உக்காரு. இப்பத்தான் இருபது ஓடுது.

எங்க சார் உள்ள இருக்காவ. இன்னைக்கு மாவுக்கட்டு பிரிக்காவ. வலது மணிக்கட்டு. எப்படி ஒடிஞ்சுதுன்னு நீ கேக்கல, ஆனா கேக்கணும்னு உனக்கு ஆசை இருக்கும். மொகத்தப் பாத்தாலே தெரியுது.

சார்னா என் வீட்டுக்காரர். தேவஇரக்கம்னு பேரு. புவியியல் வாத்தியாரா இருந்து ரிட்டயர்டு ஆனவுக. ஊரே சார்னு கூப்பிடும், நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். என் பேரு தங்கபுஷ்பம். எலும்பு ஆபரேஷன் தியேட்டர்ல முப்பத்தஞ்சு வருஷம் நர்ஸ். தங்கபுஷ்பம் சிஸ்டர்னு சொன்னா பாளையங்கோட்டையில பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பாதிக்கு இன்னும் எலும்பு ஒடியல.

போன வருஷம் ரிட்டயர்டு ஆனேன். மாலை போட்டு, கேக் வெட்டி, ஒரு சுவர்க் கடிகாரமும் குடுத்து அனுப்பிட்டாவ. மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு எழுந்து குளிச்சு ரெடியாகி நடுவீட்டுல நிக்கேன், போறதுக்கு எடமில்ல. சார் நாலு வருஷத்துக்கு முன்னாடியே ரிட்டயர்டு. அவுகளுக்குன்னு ஒரு பொழப்பு அமைஞ்சு போச்சு. காலையில பேப்பர், பத்து மணிக்கு ரெண்டு ரோஜாச் செடிக்குத் தண்ணி, மத்தியானம் ரேடியோ, சாயங்காலம் ஒரு நடை. நான் பாத்தேன், இந்த மனுஷனை இத்தனை நாளா யாரும் கவனிக்கவே இல்ல. அன்னைலேருந்து நாளைக்கு மூணு வேளை பிரஷர் பாத்தேன். நாக்கை நீட்டச் சொல்லிப் பாத்தேன். பேப்பரை எவ்வளவு தூரத்துல வச்சுப் படிக்கணும்னு டேப் வச்சு அளந்து காட்டினேன். ஒரு மாசம் ஆச்சு. ஒரு நாள் பிரஷர் பட்டையைக் கட்டிட்டு இருக்கும்போது, மெதுவாச் சொன்னாவ.

"புஷ்பம், உனக்கு ஏதாவது ஒரு பொழுதுபோக்கு வேணும்."

"எனக்கென்ன, நல்லாத்தான் பொழுது போகுது."

"எனக்குப் போகலையே," ன்னாவ.

பாவம், அவுகளுக்குப் பொழுது போகலைன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது. சரி, ரெண்டு பேருக்குமா சேத்து ஏதாவது தேடுவோம்னு நெனச்சேன். பூத்தையல் சொன்னாவ. பாட்டுக் குழு சொன்னாவ. எனக்கு எதுவும் ஒட்டல. அந்த சமயத்துலதான் மழைக்கு எங்க அடுக்களைக் கதவு ஊதிப்போய் சாத்த முடியலைன்னு நம்பிராஜன் ஆசாரியைக் கூப்பிட்டோம்.

ஆசாரி வந்து பையை விரிச்சாரு பாரு. ரம்பம். உளி. சுத்தியல். ட்ரில்லு. பெரிய ஸ்க்ரூ, சின்ன ஸ்க்ரூ. எனக்குக் கண்ணு கலங்கிட்டு. அத்தனையும் என் தியேட்டர் சாமான்! நாங்க பளபளன்னு வச்சிருப்போம், அவரு துருவேற வச்சிருந்தாரு, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தொடை எலும்புல தகடு வச்சு எட்டு ஸ்க்ரூ முறுக்குற வேலைக்கும், ஒரு கதவுக்குக் கீல் வைக்கிற வேலைக்கும் என்னம்மா பேதம்? கதவு ரத்தம் சிந்தாது. கதவோட சொந்தக்காரங்க வாசல்ல நின்னு அழ மாட்டாங்க. இன்னும் சுலபம்.

"நான் மரவேலை பண்ணப் போறேன்," ன்னேன்.

சார் சொன்னாவ, "புஷ்பம், நீ எடுத்துத்தான் குடுத்த. அறுத்தது டாக்டரு."

"எப்ப எதை எடுத்துக் குடுக்கணும்னு தெரிஞ்சவளுக்கு அறுக்கத் தெரியாதா?"

சார் பேப்பரை விரிச்சுக்கிட்டாவ. ஆசாரி மட்டும் கதவைப் பாத்துக்கிட்டே சிரிச்சாரு. நல்ல மனுஷன், எதுக்கும் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு.

வீட்டுக்குப் பின்னால ஸ்கூட்டர் நிறுத்துற தகரக் கொட்டாய் இருக்கு. ஸ்கூட்டரை வெளிய தள்ளினேன். கொட்டாயைக் கழுவி, பச்சைத் துணி விரிச்சு, தட்டு தட்டா சாமான் அடுக்கினேன். செருப்பை வெளிய கழட்டணும். முழங்கை வரைக்கும் கை கழுவாம உள்ள வரக்கூடாது. முதல் நாளே உளி, ஸ்க்ரூ டிரைவர், இழைப்புளி அலகு எல்லாத்தையும் குக்கர்ல போட்டு நாலு விசில் விட்டேன். உளியோட மரப்பிடி ஊதி வெடிச்சுட்டு. அன்னைக்கு சோத்துல கொஞ்சம் வார்னிஷ் வாசனை. சார் இன்னும் ரெண்டு கரண்டி ரசம் கேட்டாவ.

சார்தான் எனக்கு அசிஸ்டென்ட். நான் திரும்பிப் பாக்க மாட்டேன், கையை மட்டும் நீட்டி "உளி"ன்னுவேன், அது உள்ளங்கையில சட்டுனு வந்து விழணும். சார் ஸ்க்ரூ டிரைவரை வைப்பாவ. "சுத்தியல்"ன்னா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டுத் தேடுவாவ. இமயமலை எங்க இருக்குன்னு கேளு, கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவாவ. சுத்தியல் எங்க இருக்குன்னு தெரியாது. ஒரு வாரத்துல வேலையை விட்டு நீக்கிட்டேன்.

முதல்ல ஒரு ஸ்டூலு. பலாக்கட்டை, மஞ்சளா அழகா இருந்துச்சு. முடிச்சு நிமுத்தி வச்சா ஒரு ஆட்டம் ஆடுது பாரு, திருவிழாவுல சாமியாடுற மாதிரி. ஒரு முன்னங்காலு ரெண்டு மில்லி குட்டை. நான் பதறல. மாவுக்கட்டு நனைச்சு அந்தக் காலுக்கு ஒரு கட்டு போட்டேன். மத்த மூணும் மரக்காலு, இது மட்டும் வெள்ளையா, முழங்கால் வரைக்கும். சார் வந்து ரொம்ப நேரம் பாத்தாவ.

"எப்படி இருக்கு?"

"எப்போ பிரிக்கணும்?" ன்னு கேட்டாவ.

"ஆறு வாரம்."

அது செவ்வாய்க்கிழமை. மறுநாள் புதன். புதன்தோறும் மூணு மணிக்கு கோயில்ல பெண்கள் ஐக்கிய சங்க ஜெபக்கூட்டம். நான் பொருளாளர், போயே ஆகணும். அஞ்சரைக்குத் திரும்பி வந்து ஸ்டூலைத் தொட்டுப் பாக்கேன், ஆட்டமே இல்ல! கல்லு மாதிரி நிக்கி. மேல ஏறி நின்னேன், ஒரு முனகல் இல்ல. அப்பத்தான் எனக்கு அந்த உண்மை புலப்பட்டுது. எலும்பு எப்படிக் கூடுதோ, அப்படி மரமும் கூடுது. நாம சரியான நெலையில பொருத்தி வச்சிட்டா போதும், மீதியை அதுவே பாத்துக்கும்.

நான் அதை நோட்டுல எழுதியே வச்சேன். ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கேஸ் ஷீட்டு. 'செருப்பு அலமாரி, ஐயர் வீட்டுக்கு. ஞாயிறு, லேசான சாய்வு. திங்கள், சாய்வு அதிகம். செவ்வாய், ஒரு தட்டு விழுந்தது. புதன் மாலை, பூரண குணம்.' எது செஞ்சாலும் புதன்கிழமை குணமாயிரும். ஏன் புதன்கிழமைன்னு நானும் யோசிச்சேன். ஜெபக்கூட்ட நாளுல்லா, அதனாலன்னு நெனச்சேன். நோட்டுல அதையும் எழுதினேன்.

பக்கத்து வீட்டு பியூலா டீச்சருக்கு அந்த ஸ்டூலைக் குடுத்தேன். ஐயருக்கு செருப்பு அலமாரி. ஐயர்னா எங்க சபைப் போதகர்மா, எங்க பக்கத்துல அப்படித்தான் சொல்லுவோம். கோயில்ல மணி அடிக்கிற கோயில்பிள்ளைக்கு மணிக்கயிறு மாட்ட ஒரு ஸ்டாண்டு. எல்லாரும் ஆச்சரியப்பட்டாவ. பியூலா சொன்னா, "சிஸ்டர், நான் இவ்வளவு எதிர்பாக்கல." ஐயர் சொன்னாரு, "விழுந்துரும்னு நெனச்சேன் சிஸ்டர், நிக்கி." மனசாரச் சொன்னாவ.

இந்த நேரத்துலதான் எங்க கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வருது. எழுபத்தஞ்சாவது வருஷம். பிஷப் அய்யாவே வாராவ. பீடத்துல பிஷப் உக்கார ஒரு நல்ல நாற்காலி இல்ல, பழசைக் கரையான் தின்னுட்டு. எங்க சபைச் சேகரக் கமிட்டியில பேச்சு வந்துச்சு. நான் எழுந்தேன்.

"நான் செஞ்சு தாரேன்."

செயலாளர் ஞானதுரை தொண்டையச் செருமிக்கிட்டு, "இல்ல சிஸ்டர், உங்களுக்கு எதுக்கு சிரமம், கடையில..." ன்னு இழுத்தாரு. அப்போ கடைசி வரிசையிலேருந்து சார் எழுந்தாவ. கமிட்டியில பத்து வருஷமா இருக்காவ, ஒரு நாளும் வாயத் திறந்ததில்ல. "அவ செய்யட்டும். நான் பொறுப்பு," ன்னாவ.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! கல்யாணத்தன்னைக்கு மோதிரம் போடும்போதுகூட அவுக அவ்வளவு சத்தமாப் பேசல. அன்னைக்கு ராத்திரி கோழிக்குழம்பு வச்சேன்.

இப்போ கேளு, துரோகத்தை.

நாற்காலி பாதி முடிஞ்சிருந்துச்சு. நாலு காலு, உக்கார்ற பலகை, முதுகு. புதன்கிழமை சங்கத்துக்குப் போனேன். தலைவிக்கு காய்ச்சல்னு கூட்டம் நடக்கல. மூணேகாலுக்கெல்லாம் திரும்பி வாரேன், எங்க வீட்டு வாசல்ல ஒரு ஆட்டோ நிக்கி. உள்ள எங்க சார். மடியில என் நாற்காலி. ஒரு கல்யாணப் பொண்ணை அணைச்சுப் புடிச்ச மாதிரி ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காவ. நான் "ஏங்க!" ங்கறதுக்குள்ள ஆட்டோ போயிட்டு.

பின்னாலயே இன்னொரு ஆட்டோவுல ஏறினேன். என்னத்துக்கு இந்த மனுஷன் நாற்காலியத் தூக்கிட்டு ஓடுறாரு? யாருக்குக் கொண்டு போறாரு? எவ வீட்டுல நாற்காலி இல்ல? ஆட்டோக்காரன் வேற, "அக்கா, வீட்டுக்காரரா? வேகமாப் போகணுமா?" ன்னு கேக்கான்.

ஆட்டோ நம்பிராஜன் ஆசாரி பட்டறை வாசல்ல நின்னுச்சு. உள்ள எட்டிப் பாக்கேன். என் நாற்காலியத் தலைகீழாக் கவுத்துப் போட்டிருக்காவ. நாலு காலையும் தனித்தனியாக் கழட்டி வச்சிருக்கு. ஆசாரி துளையைச் செதுக்குறாரு. எங்க சார் பக்கத்துல குத்த வச்சு, வாயில நாலு ஸ்க்ரூவைக் கவ்விக்கிட்டு, தலை பூரா மரத்தூளா, சிரிச்சுக்கிட்டு இருக்காவ. ஆசாரி கையை நீட்டுறாரு, "சுத்தியல்" ங்காரு, இவுக சட்டுனு சரியா எடுத்துக் குடுக்காவ! எங்கிட்ட ஒரு நாளாவது குடுத்தாவளா?

"என்ன நடக்கு இங்க?" ன்னேன்.

சார் வாயிலேருந்து நாலு ஸ்க்ரூவும் ஒவ்வொண்ணா விழுந்துச்சு.

ஆசாரி எழுந்து நின்னாரு. "சிஸ்டரம்மா, கோவப்படாதீங்க. சும்மா, ரெண்டு ஆணி."

"ரெண்டு ஆணிக்கு நாலு காலையும் கழட்டுவீரா?"

"கழட்டலம்மா. தூக்கினேன், அதுவா வந்துட்டு."

நான் சாரைப் பாத்தேன். "ஸ்டூலு?"

தலையக் குனிஞ்சாவ.

"ஐயரோட செருப்பு அலமாரி?"

"புஷ்பம்..."

"மணிக்கயிறு ஸ்டாண்டு?"

ஆசாரி ஒரு நேர்மையான ஆளு. "ஸ்டூலு மட்டும் ரெண்டு தடவம்மா," ன்னாரு.

எனக்கு அழுகை வரல. ஆத்திரம். நாலு மாசம் கேஸ் ஷீட்டு எழுதியிருக்கேன்! சார் எழுந்து வந்து, "உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..." ன்னாவ. நான் என் நாற்காலிக் காலு நாலையும் அள்ளி முந்தானையில சுத்தி, பலகையையும் முதுகையும் கக்கத்துல வச்சுக்கிட்டு, அதே ஆட்டோவுல வீட்டுக்கு வந்துட்டேன். ஆட்டோக்காரன் வழி பூரா ஒண்ணும் கேக்கல. நல்ல பையன்.

அன்னைலேருந்து இருபத்தாறு நாள் சாரோட பேச்சு இல்ல. ஆனா நான் கடமையை விடல. தெனமும் ஃபிரிட்ஜ் கதவுல ஒரு சீட்டு ஒட்டுவேன். 'காலை: இட்லி நாலு. பிரஷர் மாத்திரை ஒண்ணு. குறிப்பு: நம்பிக்கைத் துரோகம்.' சாயங்காலம் பாத்தா அதுக்குக் கீழ அவுக எழுத்துல, 'இட்லி மெத்துன்னு இருந்தது. குறிப்பு: நாற்காலி முதுகுக்குப் பின்னால ஒரு குறுக்குச் சட்டம் வைக்கவும்.' பாத்தியா பொறாமையை!

கொட்டாய்க்குப் பூட்டுப் போட்டு சாவியைக் கழுத்துச் செயின்ல மாட்டிக்கிட்டேன். இந்த நாற்காலியில ஒருத்தன் கை படக் கூடாது. என் கையால செய்வேன், பிஷப் அய்யா உக்காருவாவ, அப்போ தெரியும் எல்லாருக்கும். சார் தகரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நின்னு மெதுவாச் சொல்லுவாவ, "புஷ்பம், ஆசாரி சொன்னாரு, துளை ஆழம் பத்தாதாம்." நான் இந்தப் பக்கம் இழைப்புளியைச் சத்தமா ஓட்டுவேன். "புஷ்பம், பசை காயறதுக்குள்ள இறுக்கிக் கட்டணுமாம்." நான் சுத்தியலால வெறும் தரையில நாலு தட்டு தட்டுவேன். ஒரு நாள் ஒண்ணும் சொல்லல, அங்கன சும்மா நின்னுட்டுப் போனாவ. அவுக செருப்புச் சத்தத்தை நான் கேட்டேன். கேட்டேன்னு அவுகளுக்குத் தெரியாது.

நாற்காலி முடிஞ்சுது. அம்மா, என்ன அழகு! தேன் நெறத்துல பாலீஷ். முதுகு உச்சியில ஒரு சிலுவை, ரெண்டு பக்கமும் திராட்சைக் கொத்து. திராட்சை கொஞ்சம் பட்டாணி மாதிரி வந்துட்டு, அதனால என்ன, அதுவும் ஆண்டவர் படைச்சதுதான். உக்காந்து பாத்தீங்களான்னு கேக்கியா? பிஷப் உக்காரப் போற நாற்காலியில நான் முந்தி உக்காந்தா மரியாதையா இருக்குமா? கையால அமுக்கிப் பாத்தேன். மெதுவாத்தான் அமுக்கினேன். சும்மா போட்டு அமுக்கக் கூடாதுல்லா.

பண்டிகையன்னைக்குக் கோயில் நெரம்பி வழிஞ்சுது. ரோட்டுல பந்தல் போட்டு அங்கயும் ஆளு. பீடத்துல என் நாற்காலி, செவப்புத் துணி விரிச்சு வச்சிருக்கு. நான் முதல் வரிசையில பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்கேன். சார் ஆம்பளைங்க பக்கம் மூணாவது வரிசை. கையில பாட்டுப் புஸ்தகம், ஆனா பாடல, நாற்காலியையே பாத்துக்கிட்டு இருக்காவ. மொகமெல்லாம் வேர்வை. பிரஷர் மாத்திரை போட்டாவளான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பவனி வந்துச்சு. முன்னால சிலுவை, பின்னால பாட்டுக் குழு, ஐயரு, கடைசியில பிஷப் அய்யா. நல்ல ஆஜானுபாகு. தொண்ணூறு கிலோவுக்குக் குறையாது, எனக்குப் பாத்தாலே தெரியும். படியேறி, நாற்காலிக்கு முன்னால வந்து, சபையைப் பாத்துத் திரும்பினாவ. உக்காரப் போறாவ.

அப்போ எங்க சார் எழுந்தாவ.

வேதம் வாசிக்கக் கூப்பிட்டாக்கூட வர மாட்டேன்னு ஒளியுற மனுஷன். வேட்டியைப் புடிச்சுக்கிட்டு, விறுவிறுன்னு பீடத்துல ஏறி, பிஷப் அய்யாகிட்ட, "அய்யா, ஒரு நிமிஷம்," ன்னு சொல்லிட்டு, அந்த நாற்காலியில உக்காந்துட்டாவ!

ஆயிரம் பேரும் வாயைப் பொளந்துட்டாவ. ஞானதுரை 'சார், சார்'ன்னு கையை ஆட்டுறாரு. சார் நாற்காலியில நிமிந்து உக்காந்து, ரெண்டு கைப்புடியையும் புடிச்சுக்கிட்டு என்னையே பாக்காவ. நாற்காலி அப்படியே நிக்கி. ஒரு நொடி, ரெண்டு நொடி, மூணு நொடி. நிக்கி! சார் மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. எனக்கும் வந்துச்சு. இருபத்தாறு நாளுக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஒருத்தரையொருத்தர் பாத்துச் சிரிக்கோம்.

நாலாவது நொடியில நாலு காலும் நாலு திசைக்குப் போச்சு. கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. புவியியல் வாத்தியாருக்கு ஏத்த மாதிரி. சார் கையை ஊனிக்கிட்டு விழுந்தாவ. 'டப்'புன்னு ஒரு சத்தம். மத்தவங்களுக்கு அது மரச் சத்தம். எனக்குத் தெரியும் அது என்னன்னு.

பீடத்துக்கு முன்னால மரத்தடுப்பு இருக்கும், பொம்பளைங்க தாண்டுறதில்ல. நான் பட்டுச்சேலையத் தூக்கிச் சொருகிட்டுத் தாண்டிட்டேன். மணிக்கட்டு முள்கரண்டி மாதிரி வளைஞ்சு நிக்கி. பாத்தவுடனே தெரிஞ்சு போச்சு. பிஷப் அய்யா குனிஞ்சு சாரைத் தூக்கப் போறாவ.

"தொடாதீங்க! தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்!" ன்னு ஒரு அதட்டு. பிஷப்புன்னு ஞாபகமில்ல எனக்கு. தியேட்டருக்குள்ள எல்லாரும் ஒண்ணுதான்.

சார் கையை என் மடியில வச்சு, திரும்பிப் பாக்காம கையை நீட்டினேன். "கட்டை!" உள்ளங்கையில சட்டுனு வந்து விழுந்துச்சு. என் நாற்காலியோட கைப்புடி, சரியான அளவு. "இன்னொண்ணு!" அதுவும் விழுந்துச்சு. "துணி!" ஊதா கலர்ல நீளமா ஒரு பட்டுத் துணி வந்துச்சு. அப்பத்தான் திரும்பிப் பாத்தேன். பிஷப் அய்யா தன் இடுப்புக் கச்சையை அவுத்துக் குடுத்துட்டு, அங்கியை ஒரு கையால புடிச்சுக்கிட்டு நிக்காவ. முப்பத்தஞ்சு வருஷத்துல எனக்கு அப்படி ஒரு அசிஸ்டென்ட் வாய்க்கல.

பாட்டுக் குழுவுக்கு என்ன செய்யன்னு தெரியாம ஒரு கல்யாணப் பாட்டை ஆரம்பிச்சுட்டாவ.

கட்டிக்கிட்டே நான் கேட்டேன். இருபத்தாறு நாள் கழிச்சு முதல் பேச்சு. "ஏன் போய் உக்காந்தீங்க?"

வலியில உதட்டைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னாவ, "பிஷப் விழுந்தா நீ அழுவ, புஷ்பம். நான் விழுந்தா திட்டத்தான செய்வ."

நான் திட்டினேன். நல்லாத் திட்டினேன். எனக்குக் கண்ணுல தண்ணியா ஊத்துது, நான் பாட்டுக்குத் திட்டிக்கிட்டே முடிச்சு போடுதேன். ஆம்புலன்ஸ்ல ஏத்துற வரைக்கும் திட்டினேன். சார் அப்படியே கண்ணை மூடிக் கேட்டுக்கிட்டு வந்தாவ, ரேடியோ கேக்குற மாதிரி.

இங்க கொண்டு வந்தோம். டாக்டரு சின்ன வயசுக்காரரு, கட்டைப் பாத்துட்டு அசந்துட்டாரு. "யாரு கட்டினது? எலும்பு இம்மிகூட நகரல. என்ன கட்டை இது, இவ்வளவு உறுதியா இருக்கு?" ன்னாரு. கேட்டியா? டாக்டரே சொன்னாரு. அதனால நாற்காலியில ஒரு கொறையும் இல்ல. சார் உக்காந்த விதம்தான் தப்பு. ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்தாவ. பிஷப் அய்யா நடுவுல உக்காந்திருந்தா இன்னைக்கு வரைக்கும் நிக்கும்.

கோவமெல்லாம் போயிட்டு. மறு வாரமே நான் ஆசாரி பட்டறைக்குப் போயி நேருக்கு நேராப் பேசினேன். ஒளிவு மறைவு வேண்டாம், நாம சேந்து வேலை செய்வோம்னேன். ஆசாரி ரொம்ப நேரம் யோசிச்சாரு. அப்புறம், "சிஸ்டரம்மா, அறுக்கிறது, துளைக்கிறதெல்லாம் முரட்டு வேலை, அது என்னோட போகட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது இருக்கே, அதுக்குத்தான் கைபாகம் வேணும். அது பூரா நீங்க பாத்துக்கோங்க," ன்னாரு. இருக்கிறதுலேயே பெரிய பொறுப்பை எங்கிட்ட ஒப்படைச்சுட்டாரு. இப்போ தெனமும் போறேன். சாரும் கையைத் தூக்கிக் கட்டிக்கிட்டு வந்து பக்கத்துல உக்காருவாவ. நான் தேய்ப்பேன், அவுக பேப்பர் வாசிச்சுக் காட்டுவாவ.

பிஷப் அய்யாகிட்டேருந்து லெட்டர்கூட வந்துச்சு. சாரோட சொகம் விசாரிச்சிருந்தாவ. அடுத்த வருஷமும் பண்டிகைக்கு வருவேன், ஆனா எனக்காக யாரும் நாற்காலி செய்ய வேண்டாம், ஆராதனை முழுசும் நின்னுக்கிட்டே இருக்க ஆசைப்படுதேன்னு எழுதியிருந்தாவ. எவ்வளவு தாழ்மை பாரு!

போன் அடிக்கே, எடும்மா, எடு. ... வீட்டுக்காரரா? நான் ஒட்டுக் கேக்கல, காதுல விழுந்துச்சு. புது வீட்டுக்குக் குடி போறீங்களா? அடுத்த மாசமா? கட்டில், மேசை, ஒண்ணும் வாங்கலையா இன்னும்? நல்லதாப் போச்சு! ஒரு பைசா வேண்டாம். ஒரு சாப்பாட்டு மேசை, சுத்தி ஆறு நாற்காலி. ஆசாரிக்குத் தெரிய வேண்டாம், இது நானே தனியாச் செய்யுதேன். இந்தா பேனா. இந்த மருந்துச் சீட்டுக்குப் பின்னால விலாசத்தை எழுது.

அந்தா, சார் வந்துட்டாவ. கட்டைப் பிரிச்சாச்சு. எவ்வளவு வெளுத்துப் போச்சு பாரு கை. ஏங்க, இந்தப் பிள்ளை புது வீட்டுக்குப் போறா, நான் மேசை நாற்காலி செஞ்சு தாரேன்னு சொல்லியிருக்கேன்!

அட, அங்க பாரேன் அவுகளை! அங்கன நின்னுக்கிட்டே உன்னப் பாத்துக் கையை எப்படி ஆட்டுதாவ! இந்தப் பக்கம், அந்தப் பக்கம், திரும்ப இந்தப் பக்கம். என்ன வேகம்! ஆறு வாரம் மாவுக்கட்டுல கெடந்த கைம்மா அது. மணிக்கட்டு அப்படிச் சுழலணும்னா எலும்பு எவ்வளவு சுத்தமாக் கூடியிருக்கணும், சொல்லு. நீ என்னத்துக்கு எழுதுறத நிறுத்திட்ட? எழுது, எழுது. கதவு நம்பரையும் போடு.